பயமில்லை, கோபம்

ஆவணி, வியாழன் இரவு

படுத்துப் பார்த்தேன், தூக்கம் வரவில்லை. அவ்வளவு சந்தோஷம்.

சேவுகம்பட்டி முருகேஸ்வரி இன்று நான்காவது முறையாக என்னிடம் மனநல ஆலோசனைக்கு வந்தாள். தோட்டத்தில் மின்சாரம் தாக்கிக் கணவர் இறந்து எட்டு மாதம். அதற்குப் பிறகு அவள் அந்தப் பக்கமே போகவில்லை. மல்லிகை செடியிலேயே வாடுகிறது. வந்த நாள் முதல் ஒரே கேள்விதான்: “நான் என்ன செய்யணும்னு நீங்களே சொல்லுங்கக்கா.”

பன்னிரண்டு வருடம் நர்ஸாக இருந்தவள் நான். மாத்திரையைக் கொடுத்து விழுங்கச் சொல்லியே பழகிய வாய். அதை அடக்கிக்கொண்டு, “ரெண்டு பேரும் சேந்து பாப்போம். நான் சொல்றது தப்புன்னா தப்புன்னு சொல்லணும்” என்று மட்டும் சொல்லிவைத்திருந்தேன்.

இன்று, “தோட்டத்துக்குப் போகப் பயமா இருக்கு, அப்படித்தானே?” என்று கேட்டேன்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். “தப்புக்கா. பயமெல்லாம் இல்ல. கோவம். ஈரக் கையோட மோட்டாரத் தொடாதீகன்னு அம்புட்டு தடவ சொன்னேன். கேட்டாரா அந்த மனுசன்?”

ஊர் முழுக்கப் பயம் என்றே நினைத்திருந்தது. நானும்தான்.

“செத்தவர வையக் கூடாதாக்கா?”

“உங்களுக்கு என்ன தோணுது?”

“அங்கனயே நின்னு வஞ்சாத்தான் எனக்கு ஆறும்.”

நாளைக் காலையே போய்த் திட்டித் தீர்க்கப் போகிறாளாம். தங்கச்சியைத் துணைக்கு அழைத்துப் போவதும் அவள் யோசனைதான்.

நர்ஸாக இருந்தபோது யாராவது என்னிடம் தப்பு என்று சொல்லியிருந்தால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பேன். இன்று டவுன் பஸ்ஸில் தனியாகச் சிரித்துக்கொண்டே வந்தேன்.

அங்கே போய் நின்றதும் அவளுக்குக் குரல் வருமா? வரும். இத்தனை மாதம் அடக்கிய கோபம், வராமல் எங்கே போகும்?