மஞ்சள் பையில் ஓர் ஊசி

மார்ச் 4

அன்புள்ள வாலுவுக்கு,

நலம் என்று எழுதினால் நீ சிரிப்பாய். அந்த வரியை விட்டுவிடுகிறேன்.

ஆறாம் எண் படுக்கையிலிருந்து எழுதுகிறேன். இடது கையில் இரண்டு ஊசி, வலது கையில் பேனா. டயாலிசிஸ் அறைக்குள் போனை விடமாட்டார்கள். மெஷின் என் ரத்தத்தைக் கழுவி முடிக்க நாலு மணி நேரம் ஆகும். அதுவரை விட்டத்தைப் பார்ப்பதற்குப் பதில் உனக்கு எழுதலாம்.

தேதி கொடுத்துவிட்டார்கள். ஏப்ரல் 9. அன்றைக்கு உன் கிட்னி ஒன்று என் வீட்டுக்குக் குடிவருகிறது. உன் அண்ணி கேட்டுவிட்டு, "உங்க தங்கச்சி கிட்னி வந்தா உங்களுக்கும் வாய் நீண்டுடும், நான் எங்க போய் முட்டிக்கிறது" என்றாள். சிரித்தபடிதான் சொன்னாள். பிறகு சமையலறைக்குள் போய் ரொம்ப நேரம் வெளியே வரவில்லை.

டாக்டர் தேதியை முன்னால் இழுத்ததற்குக் காரணம் உண்டு. டயாலிசிஸ் ஊசி ஏற்றும் என் வலது கை ரத்தக்குழாய் போன வருஷமே அடைத்துவிட்டது. இப்போது இடது கையும் அடைக்கத் தொடங்கியிருக்கிறது. இதுவும் போனால் கழுத்தில் குழாய் போட வேண்டும், அதில் கிருமி ஏறும் ஆபத்து அதிகம் என்றார். "ஏப்ரலைத் தாண்ட விடக்கூடாது" என்று இரண்டு தடவை சொன்னார்.

பக்கத்துப் படுக்கையில் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் ஒருவர். நான் லிஃப்ட் மெக்கானிக் என்று தெரிந்ததும், நடுவில் நின்றுபோன லிஃப்ட்டில் மாட்டியவர்கள் என்ன செய்வார்கள் என்று கேட்டார். முதலில் கத்துவார்கள், அப்புறம் எங்களைத் திட்டுவார்கள் என்றேன். திட்டும் வரைக்கும் பயமில்லை. சத்தம் நின்றால்தான் நாங்கள் படியில் ஓடுவோம்.

வேளாவேளைக்குச் சாப்பிடு. இனி உன் உடம்பு உனக்கு மட்டும் சொந்தமில்லை.

உன் அண்ணன்

---

மார்ச் 11

அன்புள்ள அண்ணாவுக்கு,

இதை நீ மட்டும் படி. போனில் சொன்னால் அண்ணி காதில் விழும் என்றுதான் எழுதுகிறேன்.

எட்டாம் தேதி காலை பத்தரைக்கு எனக்கு ஊசி குத்திவிட்டது. என் வேலை உனக்குத் தெரியும். வார்டுகளிலிருந்து வரும் கழிவுப் பைகளைக் கீழ்த்தளத்தில் நிறம் பார்த்துப் பிரிக்கிறோம். மஞ்சள் பையில் பஞ்சும் கட்டுத்துணியும்தான் இருக்க வேண்டும். ஊசிக்கு வெள்ளை டப்பா தனியாக உண்டு. யாரோ அவசரத்தில் சிரிஞ்சை ஊசியோடு மஞ்சள் பையில் போட்டிருக்கிறார்கள். பையைத் தூக்கியபோது கையுறையைத் துளைத்து, இடது கட்டை விரலுக்குக் கீழே இறங்கியது. நாலு வார்டுப் பைகள் ஒன்றாகக் கிடந்தன. யாருக்குப் போட்ட ஊசி என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

சூப்பர்வைசர், "ஊசிதானே, பாம்பா கடிச்சிது? கழுவிட்டு வேலையப் பாரு" என்றார். எங்களோடு வேலை பார்க்கும் அக்கா ஒருத்தி உண்டு. எல்லாருக்கும் உத்தரவு போடுவதால் கலெக்டர் என்று கூப்பிடுவோம். அவள்தான், "பதிவேட்டுல எழுதாம விட்டா, நாளைக்கு நோயை எங்க போய் வாங்கிட்டு வந்தேன்னு உன்னையே கேப்பாங்க, நட" என்று அவசரப் பிரிவுக்கு இழுத்துப் போனாள். சோப்பு போட்டுக் கழுவி, ரத்தம் எடுத்து, ஒன்றரை மணி நேரத்துக்குள் முதல் மாத்திரை கொடுத்துவிட்டார்கள். எச்.ஐ.வி. வராமல் தடுக்க. இருபத்தெட்டு நாள் ஒரு வேளை விடாமல் போட வேண்டும். வயிற்றைப் புரட்டுகிறது.

அன்றைக்கு எடுத்த என் ரத்தத்தில் எச்.ஐ.வி. இல்லை, மஞ்சள் காமாலைக் கிருமிகள் பி, சி இரண்டும் இல்லை. ஆனால் அது குத்துவதற்கு முன் நான் எப்படி இருந்தேன் என்பதைத்தான் சொல்லும் என்றார் ஆலோசகர் பெண். கிருமி உள்ளே போயிருந்தால் சோதனையில் தெரிய நாளாகும். ஆறு வாரத்தில் ஒரு சோதனை, மூன்று மாதத்தில் இன்னொன்று. அதுவரை ரத்தம் கொடுக்கக்கூடாது, துணைவரோடு இருக்கும்போது ஆணுறை வேண்டும் என்றார். எனக்குத் துணை ஹாஸ்டல் தலையணைதான் என்றேன். அவர் சிரிக்கவில்லை. அந்த ஊசி எச்.ஐ.வி. உள்ளவருடையது என்றே வைத்துக்கொண்டாலும், முந்நூறு பேரில் ஒருவருக்குத்தான் தொற்றும் என்றார்.

பதினான்காம் தேதி எங்கள் ஆஸ்பத்திரியின் கிட்னி மாற்று அறுவை ஒருங்கிணைப்பாளரிடம் எனக்குக் கடைசிப் பரிசோதனை இருக்கிறது. ஆறு மாதத்துக்குள் ஊசிக் காயம் உண்டா என்று அந்தப் படிவத்தில் ஒரு கேள்வி. போன மாதம் இல்லை என்று எழுதினேன். அப்போது அது உண்மை.

உன் வாலு

---

மார்ச் 13

வாலுவுக்கு,

சொல்லாதே.

உன் கடிதத்தை மூன்று தடவை படித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். முந்நூறில் ஒன்று என்கிறாயே, என் நிலைமையில் இருப்பவனுக்கு அது கோயில் பிரசாதம் மாதிரி. நேற்று இடது கையும் அடைத்துவிட்டது. கழுத்தில் குழாய் போட்டிருக்கிறார்கள். தலையைத் திருப்ப முடியவில்லை.

அப்படியே எனக்கு அந்த நோய் வந்தால் வரட்டும். அதற்கு மாத்திரை இருக்கிறது, போட்டுக்கொண்டு இருபது வருஷம் இருக்கிறார்கள். எனக்கு இருபது வருஷம் வேண்டாம். என் மகள் பள்ளிக்கூடம் முடிக்கும்வரை ஐந்து வருஷம் போதும். நீ வாயைத் திறக்காமல் இருந்தால் யாருக்கும் தெரியாது.

ஒன்று கேட்கிறேன், கோபப்படாதே. சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போட்ட அன்று உன் கை நடுங்கியதை நான் பார்த்தேன். இப்போது இந்த ஊசி உனக்குச் சாக்கு இல்லையே?

அண்ணன்

---

மார்ச் 21

அன்புள்ள அண்ணாவுக்கு,

உன் கடிதம் பதினெட்டாம் தேதி வந்தது. நான் பதினான்காம் தேதியே சொல்லிவிட்டேன்.

நீ ஒத்துக்கொண்டால் மாற்று அறுவைக் குழு ஒத்துக்கொள்ளுமா என்று கேட்டேன். மாட்டார்களாம். கிட்னி ஒட்டிக்கொள்ள உன் உடம்பின் எதிர்ப்பை மருந்தால் அடக்கிவைப்பார்கள். அந்த நேரத்தில் என்னிடமிருந்து எந்தக் கிருமி வந்தாலும் தாங்கமாட்டாய் என்றார்கள். மூன்று மாதச் சோதனை முடிந்து வாருங்கள் என்று தேதியை அழித்துவிட்டார்கள்.

நான் வாயை மூடிக்கொண்டு, உனக்கு நோயையும் சேர்த்துக் கொடுத்திருந்தால், அதற்கப்புறம் உன் முகத்தில் எப்படி விழிப்பேன்? இது மட்டும் என்றால் உன்னிடம் நேரில் சொல்லியிருப்பேன். ஆனால் நீ கேட்டது வேறு கேள்வி.

ஆமாம், கை நடுங்கியது. அறுவை என்றால் எனக்குப் பயம். எங்கள் கீழ்த்தளத்துக்கு அறுவை அறையிலிருந்து என்னென்ன வருகிறது என்று தினம் பார்க்கிறவள் நான். தேதியை அழித்தபோது ஒரு நிமிஷம் எனக்கு நிம்மதியாக இருந்தது. ஒரே ஒரு நிமிஷம். வெளியே வந்து சைக்கிள் நிறுத்துமிடத்தில் உட்கார்ந்து அழுதேன். உன்னிடம் இதை மறைத்திருக்கலாம். ஊசியை மறைக்காதவள் இதை மட்டும் எதற்கு மறைக்க?

ஊசி சாக்கு இல்லை அண்ணா. ஜூன் வரைக்கும் எப்படியாவது இரு.

உன் வாலு

---

மார்ச் 27

கடிதம் கிடைத்தது.

அந்த ஒரு நிமிஷத்தை நீ எழுதாமல் இருந்திருக்கலாம்.

மாத்திரையைப் பாதியில் விட்டுவிடாதே.

அண்ணன்

---

ஏப்ரல் 21

அன்புள்ள அண்ணாவுக்கு,

இருபத்தெட்டு நாளும் முடித்தேன். கலெக்டர் தினமும் காலையில் என் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தாள், குழந்தைக்குப் பார்ப்பதுபோல. ஆறு வாரச் சோதனை முடிவு நேற்று வந்தது. எதுவும் இல்லை. ஆலோசகர் இன்னும் சந்தோஷப்படக்கூடாது என்றார், ஆனால் முகத்தில் அவருக்கே கொஞ்சம் இருந்தது.

போன் செய்தேன், நீ தூங்குகிறாய் என்றாள் அண்ணி. மறுபடி செய்தேன், அப்போதும் தூங்குகிறாய். பகல் பதினொரு மணிக்கு நீ தூங்கி நான் பார்த்ததே இல்லை. கோபமாக இருந்தால் நாலு வரி திட்டி எழுது. நீ திட்டினால் எனக்கு ஒன்றும் ஆகாது.

உன் வாலு

---

ஜூன் 9

அன்புள்ள அண்ணாவுக்கு,

மூன்று மாத முடிவு நேற்றுக் காலை ஒன்பதரைக்குக் கிடைத்தது. எச்.ஐ.வி. இல்லை. காமாலைக் கிருமி இரண்டும் இல்லை. ஆலோசகர் எழுந்து வந்து கையைப் பிடித்துக் குலுக்கினார். அந்தத் தாளோடு ஒருங்கிணைப்பாளர் அறைக்கு நாலு மாடி படியேறிப் போனேன். லிஃப்ட்டுக்குக் காத்திருக்கப் பொறுமையில்லை.

அவர் உன் கோப்பை முன்பே எடுத்து வைத்திருந்தார். உட்காரச் சொன்னார். உன் கழுத்துக் குழாய் வழியாகக் கிருமி ஏறி இதய வால்வை அரித்துவிட்டது, மயக்க மருந்தைக்கூட இனி உன் இதயம் தாங்காது, போன வாரமே பட்டியலிலிருந்து உன் பேரை எடுத்துவிட்டோம் என்றார். வெளியே வந்து அண்ணிக்குப் போன் செய்தேன். "உன்கிட்ட சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாரும்மா" என்றாள். வரட்டுமா என்று கேட்டேன். பக்கத்தில் உன்னிடம் கேட்டிருப்பாள் போல. பிறகு, "இப்ப வேணாங்கறாரு" என்றாள்.

லிஃப்ட்டுக்குள் சத்தம் நின்றால்தான் ஓடுவோம் என்று எழுதியிருந்தாய். உன் சத்தம் நின்று எழுபத்து நாலு நாள் ஆகிறது. நான் நாட்களை எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

என் இரண்டு கிட்னியும் என்னிடமே இருக்கின்றன. ரொம்ப நல்ல நிலையில் இருக்கின்றன என்று தாளில் போட்டிருக்கிறது.

கோப்பை மூடத் தானம் தருபவரின் கையெழுத்தும் வேண்டும் என்றார் ஒருங்கிணைப்பாளர். போட்டுக் கொடுத்தேன். இந்தத் தடவை கை நடுங்கவில்லை.

வாலு