சும்மா என்ற குமிழ்

மார்ச் 3, செவ்வாய்

பழைய பையின் ஜிப் போய்விட்டது. எல்லாவற்றையும் புதுப் பைக்கு மாற்றினேன். தலையில் மாட்டும் டார்ச், கேபிள் சோதிக்கும் பெட்டி, இரண்டு நிறத்தில் துணி டேப், மார்க்கர், பத்து ஃப்யூஸ், ஒரு சாக்பீஸ். சாக்பீஸ் எதற்கு என்று வண்டி ஓட்டும் அண்ணன் கேட்டார். அரங்கு மாறினாலும் அக்கா நிற்கிற இடத்துக்கும் ஸ்பீக்கருக்கும் உள்ள தூரம் மாறக் கூடாது, தரையில் கோடு போடத்தான் என்றேன். நொண்டி ஆடப் போகிறாயோ என்று நினைத்தாராம்.

அக்கா எங்கள் குழுவின் பாடகி, ஒலி என் பொறுப்பு. ஆறு வாரம், பதினான்கு அரங்கு. இன்று முதலாவது. அக்காவுக்குத் தன் குரல் கேட்பதற்காகக் காலடியில் இடதும் வலதுமாக இரண்டு மானிட்டர் ஸ்பீக்கர். இரண்டுக்கும் குமிழ் பத்து மணியில் நிற்கிறது. குமிழைக் கடிகார முள்ளாக நினைத்து எழுதி வைப்பது என் பழக்கம். கருவி எங்களோடேயே வருகிறது, அதனால் அடுத்த ஊரில் பாதி வேலை மிச்சம்.

மார்ச் 5, வியாழன்

இடது பதினொன்று. வலது பத்தேதான். சுவரெல்லாம் திரைச்சீலை, சத்தத்தைக் குடித்துவிடுகிறது. சரி.

மார்ச் 8, ஞாயிறு

இடது பன்னிரண்டரை. இந்த அரங்கில் ஒரு திரைச்சீலைகூட இல்லை. அப்போ ஏன்?

மார்ச் 10, செவ்வாய்

இடது ஒன்றரை. அதற்கு மேல் அரை முள் நகர்ந்தாலும் மைக் ஊளையிடுகிறது. ஒத்திகையில் அக்கா இன்னும் வேண்டும் என்று கையை உயர்த்திக்கொண்டே இருந்தார்.

எங்கள் தொழிலில் யாரும் வெளியே சொல்லாத ஒரு வித்தை உண்டு. எல்லா மைக்கும் வந்து சேரும் என் ஒலி மிக்ஸரில் இருபத்து நாலு குமிழ் வரிசை. கடைசி வரிசையில் எந்த வயரும் இல்லை. அதன் மேல் டேப் ஒட்டி ‘சும்மா’ என்று எழுதியிருக்கிறேன். கொடுக்க ஒன்றுமில்லாதபோது யாராவது கேட்டால், முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டு அதைத் திருகி, “இப்ப?” என்று கேட்க வேண்டும். பத்துப் பேரில் ஒன்பது பேர் “ஆங், இப்ப சரி” என்பார்கள். கீபோர்டுக்காரர் வருஷக் கணக்காக அதில்தான் பிழைக்கிறார்.

அக்காவிடம் இதுவரை செய்ததில்லை. இன்று செய்தேன். “இப்ப சரி” என்றார். சிரிப்பு வரவில்லை.

வீட்டுக்காரரிடம் போனில் சொன்னேன். “நான் பேசும்போதும் அதைத்தான் திருகுறியா?” என்றார். குசும்பு.

மார்ச் 12, வியாழன்

மறுபடியும் ‘சும்மா’. மறுபடியும் “இப்ப சரி”.

அக்கா காதை ஏமாற்றுவது அவ்வளவு சுலபமா? கூட்டத்தில் ஒரு வயலின் கால் சுருதி இறங்கினால் திரும்பிப் பார்க்கிறவர் ஆயிற்றே. அந்த மானிட்டரில்தான் ஏதோ கோளாறு. நாளை பகல் முழுக்க ஓய்வு. பிரித்துப் பார்த்துவிட வேண்டியதுதான்.

மார்ச் 13, வெள்ளி

காலையிலேயே ஆரம்பித்துவிட்டேன். இதற்கு ஒரு முறை இருக்கிறது: ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று, குறை கூடவே நகர்கிறதா என்று பார். முதலில் இரண்டு ஸ்பீக்கரையும் இடம் மாற்றினேன். அக்காவைக் கூப்பிட்டு நிற்க வைத்தேன். இடதுதான் குறைகிறது என்றார். கேபிளை மாற்றினேன். இடது. மிக்ஸரிலிருந்து போகும் வழியை மாற்றினேன். இடது. அவர் காபி குடிக்கப் போனதும் நானே அந்த சாக்பீஸ் கோட்டில் நின்று போனில் சத்தத்தை அளந்தேன். இடதுதான் வலதைவிட அதிகம், அதுவும் காதைப் பிளக்கிற அளவுக்கு.

எதை மாற்றினாலும் குறை இருந்த இடத்திலேயே நிற்கிறது. மாற்றாத பொருள் ஒன்றே ஒன்று.

அந்தக் கோட்டில் நிற்கிற ஆள்.



மார்ச் 14, சனி

வண்டியில் இன்று பாட்டுக் கேட்கவில்லை, அக்காவையே பார்த்துக்கொண்டு வந்தேன். எப்போதும் இடது ஜன்னலோரம்தான் உட்காருகிறார். வலது பக்கம்தான் நாங்கள் எல்லோரும். போனை வலது காதில்தான் வைக்கிறார். கீபோர்டுக்காரர் முன் சீட்டிலிருந்து மெல்ல ஏதோ கேட்டபோது முழுத் தலையையும் திருப்பினார். இத்தனை நாளும் இதெல்லாம் என் கண்ணில் படவே இல்லையே. ஜன்னல் காற்று பிடிக்கும் போல என்று நினைத்துக்கொண்டேன், மடச்சி.

அதைவிடப் பெரிசு ஒண்ணு இருக்கு. பத்து, பதினொண்ணு, பன்னிரண்டரை, ஒன்றரை. நோய்ப்பட்ட காதுக்குள்ள நான்தானே ஊத்திக்கிட்டே இருந்திருக்கேன்? கேட்டாங்க, கொடுத்தேன். ஏன்னு ஒரு வார்த்தை கேட்டேனா?

மார்ச் 15, ஞாயிறு

சொல்லிவிட்டேன். ஒப்பனை அறையில், கதவைச் சாத்திவிட்டு, நோட்டைக் காட்டி. அக்கா அந்த எண்களைப் பார்த்தார். பிறகு கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: “உன் வேலை ஸ்பீக்கரைப் பார்க்கிறது. என்னைப் பார்க்கிறது இல்ல.”

காது போன பாடகி என்று ஒருவர் வாயிலிருந்து வந்தால் போதும், அடுத்த வருஷம் யார் கூப்பிடுவார்கள்? அவர் பயம் எனக்குப் புரிகிறது. என் பயமும் எனக்குப் புரிகிறது. வேறு ஆள் பார்த்துவிடுவாரோ?

மார்ச் 16, திங்கள்

பேச்சு இல்லை.

மார்ச் 17, செவ்வாய்

ஒத்திகைக்கு ஒரு மணி நேரம் முன்பே அக்கா வந்தார். மேடைக்குப் போகவில்லை, நேராக என் மிக்ஸருக்கு வந்தார். கடைசிக் குமிழின் மேல் விரலை வைத்து, “இது என்ன, சும்மா?” என்று கேட்டார்.

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு. என் புளுகு சரியாக ஏழு நாள். எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன்.

“தெரியும்” என்றார். “நெஜமா திருகும்போது கண்ணைச் சுருக்கிக் கேப்பே. இதைத் திருகும்போது என் மூஞ்சியையே பார்த்துக்கிட்டிருந்தே.”

“அப்புறம் ஏன்க்கா சரின்னு சொன்னீங்க?”

குமிழிலிருந்து விரலை எடுத்தார். “எதைத் திருகினாலும் எனக்குக் கேக்காதுன்னு உனக்குத் தெரிஞ்சிடக் கூடாதேன்னுதான்.”

இரண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் ஏமாற்றிக்கொண்டிருந்திருக்கிறோம், அதுவும் ஒரே குமிழை வைத்துக்கொண்டு. அழுதுவிட்டேன். அவர் அழவில்லை. வெள்ளிக்கிழமை டாக்டரிடம் கூட வருகிறாயா என்று கேட்டார்.

மார்ச் 20, வெள்ளி

இடது காதில் நரம்பு தளர்ந்திருக்கிறது. ஒரு வருஷமாகவே இருக்கலாமாம், இந்த மாதம்தான் வேகமாகக் கூடியிருக்கிறது. போனது போனதுதான், இருப்பதைக் காப்பாற்றலாம் என்றார் டாக்டர். வலது காது நன்றாக இருக்கிறது. காலடி மானிட்டரை எடுத்துவிட்டு, காது அச்சில் செய்த சின்ன ஸ்பீக்கரைக் காதுக்குள்ளேயே போட்டுக்கொண்டால் வெளிச்சத்தம் உள்ளே வராது, குறைந்த சத்தமே போதும்.

மெழுகு மாதிரி ஒன்றைக் காதில் ஊற்றி அச்செடுத்தபோது அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். கூச்சமாக இருக்கிறதாம்.

மார்ச் 22, ஞாயிறு

குழுவில் எல்லோரிடமும் அக்காவே சொன்னார், ‘சும்மா’ குமிழ் கதை உட்பட. கீபோர்டுக்காரர் நெடுநேரம் யோசித்துவிட்டு, அப்படியானால் தனக்கும் ‘சும்மா’தானா என்று கேட்டார். நான் கேபிள் சுற்றப் போய்விட்டேன்.

ஏப்ரல் 4, சனி

காது ஸ்பீக்கர் வந்த பிறகு முதல் நிகழ்ச்சி. அக்காவுக்கு மேடை ஓரத்தில் தனியாக ஒரு மைக் வைத்திருக்கிறேன். அதில் பேசினால் அரங்குக்குக் கேட்காது, என் காதுக்கு மட்டும் கேட்கும். இருபத்து நாலாம் வரிசையில்தான் செருகியிருக்கிறேன். டேப்பைக் கிழிக்க மனசு வரவில்லை, அதில் இன்னும் ‘சும்மா’ என்றுதான் இருக்கிறது.

மூன்றாவது பாட்டு முடிந்து கைத்தட்டல் நடக்கும்போது அக்கா ஓரமாக வந்து அந்த மைக்கில் குனிந்தார். பயந்துபோய் அவர் காது ஸ்பீக்கருக்கான குமிழின் மேல் கையை வைத்தேன்.

“ரொம்பக் கேக்குதுடி. கொறைச்சுக்கோ.”

கண்ணைச் சுருக்கிக்கொண்டு குறைத்தேன். குமிழ் இப்போது எட்டரை மணியில்.