ஊதா உறை

டில்லர், ஓக்லஹோமா
செப்டம்பர் 28

என் மொட்டைத் தம்பி கோல்பிக்கு,

பட்டாளத்துல சேர்ந்த மொத நாளே போனைப் பிடுங்கிட்டாங்கன்னு கேட்டு விழுந்து விழுந்து சிரிச்சேன். அப்புறம்தான் உறைச்சது, இனிமே உன்கிட்ட பேச நானும் பேனா பிடிக்கணும்னு! கையெழுத்தைப் பார்த்து கிண்டல் பண்ணே, கொன்னுடுவேன்.

ஒரு விஷயம் சொல்றேன், பதறாத. நீ கிளம்பின மூணாம் நாள் கடையில கொள்ளை. சாயங்காலம், நான் மட்டும்தான். முகத்துல துணி கட்டின ஒருத்தன் கவுண்டரைத் தாண்டி உள்ள குதிச்சான். "கல்லாவைத் தொறடி"ன்னான். தொறந்தேன். எனக்கு ஒண்ணும் ஆகல, சத்தியமா.

ஆனா முதலாளி டார்லாம்மா கவுண்டருக்குக் கீழ பெரிய துப்பாக்கி வச்சிருக்காங்கல்ல? அது சரியா அவன் முழங்காலுக்குப் பின்னாடி இருந்துச்சு. எட்டவே எட்டாது. அவன் போனப்புறம் அதையே பார்த்துட்டு உக்காந்திருந்தேன். கண்ணுக்கு முன்னாடி இருக்கு, எனக்கு இல்ல.

அதனால முடிவு பண்ணிட்டேன். என் பாக்கெட்டுல ரெண்டாவதா ஒண்ணு. குட்டியா. வெளிய தெரியாம. எத்தனை வீடியோ பார்த்திருக்கேன் தெரியுமா? ரிவியூ போடுறவங்க எல்லாம் இப்ப எனக்கு சொந்தக்காரங்க மாதிரி! அஞ்சு குண்டு ரிவால்வர் எங்கயும் மாட்டிக்காது, ஆனா ட்ரிக்கரை இழுக்க மல்யுத்தம் பண்ணணும். நயன் எம்எம் பிஸ்டல் நல்லா அடிக்கும், ஆனா ஜீன்ஸ் பாக்கெட்டுல செங்கல் வச்ச மாதிரி துருத்தும். டுவென்டி டூன்னு பொடி குண்டு போடறது, சுட்டா கை வலிக்காது, சில நேரம் வெடிக்கவும் வெடிக்காது. கமெண்ட்ல ஒருத்தனோட அரை நாள் சண்டை போட்டேன். நான்தான் ஜெயிச்சேன். கடைசியில த்ரீ எய்ட்டி பிஸ்டல்னு முடிவு. என் போனை விட கொஞ்சம்தான் கனம்.

அம்மா லாரி எடுத்துட்டு டென்வர் போயிருக்கு. அதுகிட்ட சொல்லாத.

உன் அக்கா,
டெஸ்

*

பயிற்சி முகாம், ஜார்ஜியா
அக்டோபர் 5

அன்புள்ள கொலைகார டெஸ்ஸுக்கு,

கவர் மேல யாரு ஸ்டிக்கர் ஒட்டச் சொன்னா? டைனோசர், டோனட், பூனைக்குட்டி! எங்க சார்ஜெண்ட் ஒவ்வொண்ணா எண்ணினாரு. "உங்க அக்காவுக்கு உன் மேல எவ்வளவு பாசம்டா! ஒரு பூனைக்கு பத்து தண்டால்." மூஞ்சியில மண்ணோடதான் உன் லெட்டரைப் படிச்சேன்.

கொள்ளைன்னு படிச்சதும் திரும்ப மொதல்ல இருந்து படிச்சேன். இங்கருந்து என்னால என்ன பண்ண முடியும்? போன் கிடையாது, காரு கிடையாது. நாங்க எழுதற லெட்டரைக் கூட ஞாயித்துக்கிழமைதான் வாங்கிக்கிறாங்க. ராத்திரி படுத்தா அந்த கவுண்டர்தான் தெரியுது.

வேற கடையில வேலை பாக்கக் கூடாதா? டார்லாம்மா கோவிச்சுக்காது. துப்பாக்கி வாங்காதன்னு சொல்லல, உன்கிட்ட சொல்லி ஜெயிக்கவா முடியும்? ஆனா இங்க எங்களுக்கு மொத வாரமே கத்துக் குடுத்தது சுடறது இல்லக்கா. சுடற நேரம் வர்ற வரைக்கும் விரலை ட்ரிக்கருக்கு வெளிய வைக்கறது. சாப்பிடும்போது ஸ்பூனைப் பிடிச்சாக்கூட "விரலை வெளிய வைடா"ன்னு கத்துறாங்க.

பயந்தா உடனே எனக்கு எழுது. எதுவா இருந்தாலும்.

கோல்பி

*

டில்லர்
அக்டோபர் 11

தண்டால் மன்னனுக்கு,

இந்தத் தடவை பூனை பதினொண்ணு. நல்லா உடம்பு ஏறட்டும்!

வாங்கிட்டேன்டா! கடைக்காரன் என்னைப் பார்த்ததும் நேரா ஒரு பிங்க் துப்பாக்கியை எடுத்து வச்சான். "பொண்ணுங்க இதைத்தான் கேப்பாங்க"ன்னான். "உங்க வீட்டம்மாவுக்கு வாங்கிக் குடுங்க அண்ணே, உங்களைக் குறி பார்க்க வசதியா இருக்கும்"னேன். பின்னாடி நின்ன தாத்தா சிரிச்சு சிரிச்சு இருமிட்டாரு.

கருப்புதான். ஆனா அதைப் போட்டு வைக்கிற உறை மட்டும் ஊதா. பளபளன்னு தோலு, அழகுன்னா அப்படி ஒரு அழகு. துணி மாதிரி சொரசொரப்பா இருக்குற உறைதான் நல்லதுன்னு எல்லா ரிவியூலயும் சொன்னாங்க. கேட்டேனா? பாக்கெட் துப்பாக்கிக்கு ரெண்டே ரூல். அந்த பாக்கெட்டுல வேற எதுவும் இருக்கக் கூடாது. உருவினா உறை உள்ளயே தங்கணும், துப்பாக்கி மட்டும் கைக்கு வரணும். குண்டை வெளிய எடுத்து வச்சுட்டு கண்ணாடி முன்னாடி நின்னு பழகினேன். ஜீன்ஸ்ல ஒரு தடவை கூட தப்பல.

சுடறதுதான் கொடுமை. இத்தனூண்டு இருந்துட்டு உள்ளங்கையை உரிச்சிடுச்சு. ரெண்டு டப்பா சுடறதா பிளான். அரை டப்பாவுல கை ஆடிடுச்சு, வந்துட்டேன். எந்த வீடியோவுலயும் அவங்க கை இப்படி ஆடல.

கோல்பி, இன்னொண்ணு. வியாழக்கிழமைல இருந்து ஒரு பழுப்பு நிற பிக்கப் வண்டி. கடைக்கு எதிர்ல, கோதுமை கிடங்குப் பக்கம் நிக்குது. நான் கிளம்பினா அதுவும் கிளம்புது. நம்ம மண்ரோட்டு முனை வரைக்கும் வந்து நின்னுட்டு திரும்பிப் போகுது. உள்ள இருக்குறவன் தொப்பியை கண்ணு வரைக்கும் இழுத்து விட்டிருக்கான். கொள்ளையடிச்சவனும் அதே உயரம்தான்னு தோணுது. ஷெரிஃப் ஆபீஸுக்கு போன் பண்ணேன். "ரோட்டுல வண்டி ஓட்டறது குத்தம் இல்லம்மா"ன்னாங்க.

இப்ப வீட்டுக்குள்ளயும் பாக்கெட்டுல வச்சுட்டுதான் நடக்கிறேன். பல்லு விளக்கும்போது கூட.

டெஸ்

*

ஜார்ஜியா
அக்டோபர் 12

அக்கா,

உன்கிட்ட இருந்து இந்த வாரம் இன்னும் லெட்டர் வரல. இது கிடைச்சதும் மொதல்ல இதைப் படி.

போன ஞாயித்துக்கிழமை உனக்கு எழுதினப்பவே வேய்லனுக்கும் ஒண்ணு எழுதினேன். "எங்க அக்கா வேலை முடிஞ்சு வீட்டுக்குப் போற வரைக்கும் பின்னாடி போய்ப் பார்த்துக்கோடா, அவளுக்குத் தெரிய வேணாம், தெரிஞ்சா என்னைக் கிழிச்சிடுவா"ன்னு. அவன் ஒத்துப்பான், சின்னதுல இருந்து நம்ம வீட்டு சோத்தைத் தின்னு வளர்ந்தவன். அவன் வண்டி மெக்கானிக்கிட்ட கிடக்கு, அதனால அவங்க மாமாவோட பழைய பிக்கப்பைத்தான் எடுத்துட்டு வருவான்.

அப்போ அது பெரிய புத்திசாலித்தனமா தோணுச்சு. இன்னைக்கு சர்ச்சுல உக்காந்திருக்கும்போது திடீர்னு தோணுச்சு. உனக்கு அந்த வண்டியைத் தெரியாது. நீ பயந்து போயிருக்கே. இந்நேரம் உன் பாக்கெட்டுல துப்பாக்கி இருக்கும்.

சார்ஜெண்ட்கிட்ட ஒரே ஒரு போன் பேச விடுங்கன்னு கெஞ்சினேன். "யாராச்சும் செத்துட்டாங்களா?"ன்னு கேட்டாரு. "இல்ல சார்"னேன். "அப்ப லெட்டர் போடு"ன்னுட்டாரு.

அக்கா, அது வேய்லன். பழுப்பு பிக்கப். வேய்லன்.

கோல்பி

*

டில்லர்
அக்டோபர் 17

கோல்பி,

உன் லெட்டர் இன்னைக்குக் காலையில வந்துச்சு. ஒரு நாள் லேட்டு.

நேத்து காத்து பயங்கர குளிரு. அம்மாவோட மழை ஜாக்கெட்டைப் போட்டுக்கிட்டேன், துப்பாக்கியை உறையோட அதோட பாக்கெட்டுக்கு மாத்தினேன். வேலை முடிஞ்சு இருட்டற நேரம் வந்தா பின்னாடியே அந்த வண்டி. உன் லெட்டர் இருக்கான்னு பார்க்க நம்ம தபால் பெட்டிகிட்ட நிறுத்தி இறங்கினேன். பெட்டி காலி. எப்பவும் முனையிலயே திரும்பிப் போற வண்டி நேத்து உள்ள வந்துச்சு. ஒருத்தன் இறங்கி வேகவேகமா என்னைப் பார்த்து வரான், கையில ஏதோ கருப்பா. வாயைத் தொறந்து ஏதோ சொல்றான், காத்துல ஒண்ணும் கேக்கல.

உருவிட்டேன்.

அந்த பாக்கெட் உள்ள வழுவழுன்னு இருக்கும். உறையும் வழுவழு. துப்பாக்கியோட சேர்ந்து அதுவும் கையோட வந்துடுச்சு. அப்படியே நீட்டிட்டு நின்னேன்.

"டெஸ்! நான்தான்டி! வேய்லன்! உன் போனு! கடையிலயே விட்டுட்டு வந்துட்டே!"

அவன் மண்ணுல முட்டி போட்டுட்டான். என் போன் அவன் கையில. அப்பதான் முகம் தெரிஞ்சுது. நான் ரோட்டுலயே உக்காந்து அழுதுட்டேன். அவன்தான் எழுப்பி வீட்டுக்குள்ள கூட்டிட்டுப் போயி, முட்டை பொரிச்சுக் குடுத்தான். அப்புறம் சிரிக்க ஆரம்பிச்சான். "உறையைக் கழட்டாம சுட வந்த ஒரே ஆளு நீதான்டி. ஊதா கலர்ல சாவுன்னு நெனைச்சேன்!" இன்னைக்கு கடையில எல்லார்கிட்டயும் சொல்லிட்டான். டார்லாம்மா கண்ணுல தண்ணி வர சிரிச்சாங்க. நானும் சேர்ந்து சிரிச்சேன்.

சும்மா மிரட்டத்தான் நீட்டினேன்னு அவன் நெனைக்கிறான். நானும் அப்படித்தான் சொன்னேன்.

உன்கிட்ட மட்டும் சொல்றேன். என் விரல் வெளிய இல்லடா. தோலுக்கு மேல ட்ரிக்கர் இருக்குற எடத்தைத் தேடி அமுக்கிச்சு. திரும்பத் திரும்ப அமுக்கிச்சு. அவன் பேர் சொன்னது காதுல விழுந்தப்புறமும் ஒரு தடவை அமுக்கினேன்.

காலையில உறையை எடுத்துப் பார்த்தேன். அந்த எடத்துல என் நகம் பதிஞ்சிருக்கு.

கொள்ளைக்காரனை இன்னும் பிடிக்கல. ஆனா இப்ப நான் பயப்படறது அவனைப் பார்த்து இல்ல. துப்பாக்கியை டார்லாம்மாகிட்ட குடுத்து, பூட்டி சாவியை நீங்களே வச்சுக்கோங்கன்னுட்டேன். வேய்லன் நாளைக்கும் வரேன்னு சொல்லியிருக்கான். அவனை எப்படிப் பார்க்கறதுன்னு எனக்குத் தெரியல.

டெஸ்

*

ஜார்ஜியா
அக்டோபர் 26

அக்கா,

உன் கவர்ல ஒரு ஸ்டிக்கர் கூட இல்ல. சார்ஜெண்ட் முன்னாடி பின்னாடி திருப்பிப் பார்த்தாரு. "என்னடா, இன்னைக்கு உனக்கு லீவா?"ன்னு நீட்டினாரு. அப்பவே ஏதோ ஆயிடுச்சுன்னு தெரிஞ்சு போச்சு.

கக்கூஸ்ல உக்காந்து படிச்சேன். மூணு தடவை.

நீ அமுக்கினது உண்மை. ஆனா உனக்குத் தெரியாம அவனை உன் பின்னாடி அனுப்பி, உன் துப்பாக்கிக்கு முன்னாடி நிறுத்தினது நான். இங்க தினமும் மனுசன் உருவத்துல தகரத்தை நட்டு வச்சு எங்களைச் சுடச் சொல்றாங்க. நான் நல்லா சுடறேனாம். நேத்து ஒரு தகரத்துக்கு வேய்லன் உயரம். சுட முடியல. திட்டு வாங்கினேன்.

வேய்லன்கிட்ட சொல்லணுமா வேணாமா, நீயே முடிவு பண்ணு. நான் சொல்ல மாட்டேன். ஆனா அவன் வந்தா கதவைத் தொற. முட்டை பொரிச்சுக் குடு. இந்தத் தடவை நீ.

நவம்பர் கடைசியில எங்களுக்கு அணிவகுப்பு. அம்மாவைக் கூட்டிட்டு வா. அவனையும். மூணு பேரும் ஒரே வண்டியில வாங்க, அந்தப் பழுப்பு வண்டியிலயே வாங்க. வர்றது யாருன்னு எனக்கு தூரத்துலயே தெரியணும்.

படிச்சு முடிச்சு வெளிய வந்து நானாவே குப்புற விழுந்து தண்டால் எடுத்தேன். யாரும் சொல்லல. எண்ணவும் இல்ல.

அடுத்த கவர்ல பூனை ஒட்டுக்கா. எத்தனை வேணா ஒட்டு.

கோல்பி