கவிழ்த்துப் படுக்கவைத்த பிறகு

ஹாலிஃபாக்ஸ்
பிப்ரவரி 9

அன்பு ஷீலா,

இல்லை, வலி இல்லை. அதற்காக எழுதவில்லை. போனில் கேட்டால் நீ சிரித்துவிடுவாய், நானும் சிரித்துவிடுவேன். காகிதத்தில் அது முடியாது.

நேற்று அம்மா என் கால்களை ஈரத்துணியால் துடைத்தாள். இடது முழங்காலின் பின்பக்கம், மடிப்பில், ஒரு சின்ன வட்ட பிளாஸ்டர். "இது என்னடி? உடைஞ்சது ஒரு கால். ஊசி ரெண்டு காலுக்குமா?" என்றாள். உரித்துப் பார்த்தோம். ஒரு புள்ளி. சுற்றிலும் மஞ்சளாகிவரும் கன்றல்.

பனியில் வழுக்கி உடைந்தது என் வலது கணுக்கால். அறுவை சிகிச்சைக்கு முன் அது மரத்துப்போக, மயக்க மருத்துவராக நீ ஊசி போட்டது வலது முழங்காலுக்குப் பின்னால். அப்படித்தானே சொன்னாய்?

அறுவை முடிந்த அன்று மாலை இடது பாதமும் மரத்திருக்கிறது என்று உன்னிடம் சொன்னேன். "ஒரே மாதிரி படுத்திருந்தேல்ல, சரியாப் போயிடும்டி" என்றாய். சரி என்று நம்பி, ஊன்றுகோலோடு கழிவறைக்குப் போனேன். நல்ல காலை ஊன்றினேன். அங்கே கால் இல்லை. விழுந்ததில், எலும்பைச் சேர்க்க வலது காலில் வைத்த தகடு வளைந்துவிட்டது. வீக்கம் வற்றியதும் மறுபடி திறக்கிறார்கள். மணி அடித்து ஆளைக் கூப்பிடாமல் நானே எழுந்தேன் என்று எழுதிவைத்திருக்கிறார்கள். அது உண்மைதான்.

அந்தப் பிளாஸ்டர் எதற்கு?

உன் ஒடெட்

டார்ட்மத்
பிப்ரவரி 13

என் செல்ல ஒடெட்,

ஒரே விடுதி அறையில் நான்கு வருடம் என் காலுறைகளைத் திருடி மாட்டிக்கொண்டவள் இப்போது துப்பறிகிறாளா! அம்மாவுக்கு என் அன்பு. அவர் அனுப்பிய மீன் கட்லெட் வந்த அன்றே தீர்ந்தது.

பயப்படாதே. சில சமயம் நல்ல காலையும் அல்ட்ராசவுண்டில் பார்ப்போம், ஒப்பிட. பிறகு துடைத்துவிட்டு நர்ஸ் ஏதாவது ஒட்டியிருப்பார்.

உன் நரம்பு திரையில் எவ்வளவு தெளிவாகத் தெரிந்தது, தெரியுமா? தேனடை மாதிரி. மருந்து அதைச் சுற்றி வளையமாகப் பரவுவதைப் பார்த்தபடிதான் போடுவோம். தவறு நடக்க வழியே இல்லை. ஊசிக்கு முன் எந்தப் பக்கம் என்று சரிபார்க்க எல்லோர் கையும் நிற்க வேண்டும், அது எங்கள் வழக்கம். நர்ஸ் வாண்டா உன் பெயரையும் பக்கத்தையும் உரக்கப் படித்தார். நீ மல்லாந்து படுத்துக்கொண்டே, "வலது, வலது. வேணும்னா பாடிக் காட்டட்டுமா?" என்றாய். அறையே சிரித்தது. அதன் பிறகுதான் தூக்கத்துக்கு மருந்து கொடுத்து உன்னைக் கவிழ்த்துப் படுக்கவைத்தோம்.

விழுந்ததற்கு உன்னையே திட்டிக்கொள்ளாதே. யாருக்கும் நடக்கும்.

முத்தங்களுடன்,
ஷீலா

ஹாலிஃபாக்ஸ்
பிப்ரவரி 18

ஷீலா,

உன் கடிதத்தைப் பல முறை படித்தேன். அன்பான கடிதம். அதுதான் உறுத்துகிறது.

பார்ப்பதற்கு ஊசி எதற்கு?

நான் முழுதாகத் தூங்கவில்லை. முகம் தலையணையில் புதைந்திருந்தது. வாண்டாவின் குரல்: "அம்புக்குறி எங்க, டாக்டர்? இந்தக் கால்ல காணோமே." பிறகு நீ, மெதுவாக: "அந்தப் பக்கம் வாங்க." கனவு என்று நினைத்திருந்தேன்.

எந்தக் கால் என்று காட்டும் அம்பை என் வலது கணுக்காலின் முன்பக்கம் வரைந்திருந்தார்கள். மல்லாந்திருந்தபோது எல்லோரும் பார்த்தார்கள். கவிழ்த்ததும் அது மெத்தைக்குக் கீழே போய்விட்டது. உன் பக்கம் இருந்த வலது கால் எதிர்ப்பக்கம் போய்விட்டது. நீ நின்ற இடத்திலேயே நின்றாய், முதல் ஊசி இடது காலில் ஏறியது.

இப்படி யோசிப்பது எனக்கே பிடிக்கவில்லை. நீ என்னை அழைக்கும் ஒவ்வொரு செல்லப் பெயரையும் இப்போது சந்தேகத்தோடு முகர்ந்து பார்க்கிறேன்.

அம்மா தினமும் சொல்கிறாள், "உன் பிடிவாதத்தாலதான் விழுந்தே." நானும் நம்பினேன். வார்டில் எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்டேன். உன்னிடமும் கேட்டேன், உன் வேலையைக் கெடுத்துவிட்டேன் என்று. நீ என் தலையைத் தடவி, "போகட்டும் விடு" என்றாய்.

நீ மன்னித்தாய், ஷீலா.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். என்னைக் கவிழ்த்த பிறகு, எந்தக் கால் என்று மறுபடி ஒரு முறை நிறுத்திப் பார்த்தாயா? ஆம் அல்லது இல்லை. இல்லை என்றால் அதை என்னால் தாங்க முடியும். நீயே சொன்னால்.

ஒடெட்

பிப்ரவரி 24

அன்புள்ள ஒடெட் கோமோ அவர்களுக்கு,

தங்கள் சிகிச்சை தொடர்பான கேள்விகளை மருத்துவமனையின் நோயாளர் தொடர்பு அலுவலகத்துக்கு அனுப்புமாறு கேட்டுக்கொள்கிறேன். இது குறித்து நான் தனிப்பட்ட முறையில் எழுதுவது முறையாகாது.

தாங்கள் விரைவில் குணமடைய வாழ்த்துகள்.

டாக்டர் ஷீலா மக்கைசக்

ஹாலிஃபாக்ஸ்
மார்ச் 3

ஷீலா,

கேட்டதற்குப் பதில் கிடைத்தது.

வெள்ளிக்கிழமை மறுபடி திறந்து தகட்டை மாற்றினார்கள். இந்த முறை மயக்க மருத்துவர் வேறொருவர், வயதானவர், பெரிதாகப் பேசாதவர். கவிழ்த்த பிறகு ஒரு முறை நிறுத்திப் பார்ப்பீர்களா என்று கேட்டேன். "வழக்கம்தான். ஏன் கேக்கறீங்க?" என்றார். நான் சொல்லவில்லை. அப்போதுகூட உன்னைக் காப்பாற்றிக்கொண்டிருந்தேன். அது என்னைப் பயமுறுத்தியது.

அம்மாவிடம் கடிதங்களைக் காட்டினேன். எல்லாவற்றையும் படித்தாள். பிறகு, "அப்போ நீ பிடிவாதக்காரி இல்லேங்கறியா?" என்றாள்.

"பிடிவாதக்காரிதாம்மா. ஆனா அதனால விழல."

"அவகிட்ட ஒரு தடவ நேர்ல பேசிப் பாரேன். நம்ம வீட்டுல வளர்ந்த பொண்ணு மாதிரி."

யோசித்தேன். நீ கால் மாற்றி ஊசி போட்டதை மன்னிக்க எனக்கு ஒரு நிமிடம் போதும். என் தலையைத் தடவிய கையைத்தான் முடியவில்லை.

இன்று காலை அம்மா சக்கர நாற்காலியைத் தள்ள, அந்த அலுவலகத்துக்குப் போனேன். புகார் மனுவில் உன் பெயரை முழுதாக எழுதினேன், கையெழுத்துப் போட்டேன், கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

ஒடெட்