மைக் வேண்டாத யுகுலேலே

என் பிரியத்துக்குரிய மதினிக்கு,

நலமா என்று கேட்டு எழுத முடியாத இடத்துக்குப் போய்விட்டீர்கள். அதனால் எடுத்த எடுப்பிலேயே கோபத்தோடு தொடங்குகிறேன். கோபம் உங்கள் மேல் இல்லை, மற்ற எல்லார் மேலும் உண்டு.

முதலில் செய்தியைச் சொல்கிறேன். நாலு நரம்புக் குட்டி கிட்டார், ஒரு யுகுலேலே வாங்கியிருக்கிறேன். உங்களுடைய நீலக் கலர் ஒட்டுப்பலகை யுகுலேலே மாதிரி இல்லை. முழுக்க மகாகனி மரம், சத்தத்தை வாங்கி ஸ்பீக்கருக்கு அனுப்பும் பிக்கப் உள்ளேயே வைத்தது. விலையைச் சொன்னால் அங்கிருந்து எழுந்து வந்து தலையில் குட்டுவீர்கள், அதனால் சொல்ல மாட்டேன். என் கம்மல் எங்கே என்றும் கேட்காதீர்கள்.

ஆமத்தூர் முழுக்க இதே பேச்சாக இருக்கிறது. எதிர்வீட்டுச் சித்தி என் காதில் விழட்டும் என்றே சொன்னார். "வீட்டுல எளவு விளுந்து வருசம் திரும்பல, இவ பாட்டுப்பொட்டியத் தூக்கிக்கிட்டுத் திரியுதா." நான் நின்று திருப்பிக் கேட்டேன். "சித்தி, எங்க மதினி அன்னைக்கு வேலைக்குப் போனாகளா, போகலையா? அத மட்டும் சொல்லுங்க." துணி காயப்போட வேண்டும் என்று உள்ளே போய்விட்டார்.

இந்தக் கேள்வியை நான் ஏன் ஊரெல்லாம் கேட்டுக்கொண்டு திரிகிறேன் என்று உங்களுக்குத் தெரியாது, இல்லையா? நீங்கள் போன பிறகு நடந்தது அது.

பட்டாசு ஷெட் வெடித்த அன்று நான் கம்பெனிக்கு வரவில்லை. பட்டா விஷயமாக மனு கொடுக்கச் சூலக்கரை கலெக்டர் ஆபீஸ் வரிசையில் நின்றேன். உங்கள் ஷெட்டில் ஏழு பேர் இருந்தீர்கள். ஏழு பேரில் ஒருவரும் திரும்பி வரவில்லை. ஆனால் கம்பெனிப் பதிவேட்டில் இருப்பது நாலே பெயர். 'நால்வருக்கு மேல் இருக்கக் கூடாது' என்று ஷெட்டுச் சுவரில் பெயிண்டில் எழுதியிருந்தார்களே, பதிவேடும் அதற்குத் தகுந்த மாதிரி அவ்வளவு ஒழுங்காக இருக்கிறது! சுப்புத்தாயும் ராஜேஸ்வரியும் அந்த வழியாகப் போனவர்களாம். நீங்கள் என்னைப் பார்க்க வந்த இடத்தில் சிக்கிக்கொண்டீர்களாம். மதினி, நானே அன்று லீவு! இதைக்கூடச் சரிபார்க்காமல் பொய் சொல்கிறவர்களை என்ன செய்வது? பொய் சொல்லவாவது கொஞ்சம் மெனக்கெட வேண்டாமா?

பிறகு இரங்கல் கூட்டம் என்று ஒன்று வைத்தார்கள். விருதுநகரில் ஒரு கல்யாண மண்டபம். மேடையில் கம்பெனி மேனேஜர், சில அதிகாரிகள், பெரிய மாலை. கீழே நாங்கள். 'தோழிகள் சார்பில் ஒரு பாட்டு' என்று என்னைக் கூப்பிட்டார்கள். ஏதோ சாமி பாட்டுப் பாடி அழுதுவிட்டு இறங்கிவிடுவேன் என்று நினைத்திருப்பார்கள்.

நான் உங்கள் நீல யுகுலேலேயை மீட்டிக்கொண்டு உங்கள் பாட்டைப் பாடினேன். சாயங்காலம் கம்பெனிக் கேட்டில் வேனுக்குக் காத்திருக்கும்போது, காவலாளி அறையில் செல்போன்களோடு விட்டுவைத்த நீல யுகுலேலேயை வாங்கிக்கொண்டு வந்து, ஷெட்டுக்காரிகளை ஒவ்வொருத்தியாகக் கேலி செய்து பாடுவீர்களே, அந்தப் பாட்டு.

"மாரியம்மா வந்தாளே மல்லியப்பூ மறந்தாளே. செல்லத்தாய் வந்தாளே சில்லறையத் தேடுறாளே."

கூட்டத்தில் சிலர் அழுகைக்கு நடுவே சிரித்துவிட்டார்கள். காளியம்மா வந்தாள், பாக்கியம் வந்தாள். நாலு பெயர் வரைக்கும் மைக் வேலை செய்தது. "சுப்புத்தாய் வந்தாளே" என்று ஐந்தாவது பெயரை எடுத்தேன், மைக் செத்துவிட்டது.

கரண்ட் போய்விட்டது என்று மேடையில் ஒருவர் கையை விரித்தார். அவர் தலைக்கு மேலே மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது! நான் நிறுத்தவில்லை, தொண்டை கிழியக் கத்திப் பாடினேன். ஆனால் முந்நூறு பேர் கசகசவென்று பேசும் மண்டபத்தில் என் குரலும் அந்த ஒட்டுப்பலகைச் சத்தமும் முதல் வரிசையைத் தாண்டவில்லை. ராஜேஸ்வரியின் அம்மா ஆறாவது வரிசையில் உட்கார்ந்திருந்தார். மகள் பெயரைச் சொன்னேனா என்று அப்புறம் என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார். சொன்னேன் என்றால் நம்பவில்லை. கேட்கவே இல்லையே என்றார்.

மதினி, எனக்கு அப்போது வந்த ஆத்திரம் இன்றைக்கும் இறங்கவில்லை. செத்த பிறகும் கணக்குக்கு நாலு பேர்தானா? பெயரைச் சொல்வதற்குக்கூட உரிமம் வாங்க வேண்டுமா?

ஒரு வாரம் கழித்து ரேடியோ செட் காதர் பாய் வீட்டுக்கு வந்தார். அன்று மண்டபத்தில் மைக் செட் போட்டவர் அவர்தான். வாசலிலேயே நின்றார், தண்ணீர் கொடுத்தும் குடிக்கவில்லை.

"தங்கச்சி, கரண்ட் போகல. மேனேஜர் கைய இப்படிக் காட்டுனாக, நாந்தான் அமத்திப்புட்டேன். சீசனுக்கு அம்புட்டு விசேசமும் அவுக சொல்லித்தான் எனக்கு வருது. அன்னையிலிருந்து சோறு எறங்கல."

திட்டினேன். வாய்க்கு வந்ததையெல்லாம் திட்டினேன். அவர் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு கடைசியில் ஒன்று சொன்னார். "திட்டுங்க, ஆனா நாஞ்சொல்றதையும் கேளுங்க. இனிமே எவன் மைக்கையும் நம்பாதீக. உள்ளயே பிக்கப் வச்ச யுகுலேலேன்னு விக்கிது. ஒரு வயரச் சொருகி, பேட்டரி ஸ்பீக்கர்ல கொடுத்துட்டீகன்னா ரோட்டுல நின்னாலும் கேக்கும். அந்த ஸ்பீக்கர்லயே பாடுறதுக்கும் ஒரு மைக் சொருகிக்கிறலாம். சுவிட்சு உங்க கையில இருக்கும், எவனும் அமத்த முடியாது."

அப்படியானால் நீங்களே வந்து வாங்கித் தாருங்கள் என்றேன். ஒரு மாதம் கழித்து அவரையும் இழுத்துக்கொண்டு மதுரைக்கு பஸ் ஏறினேன்.

கடைக்காரப் பையனை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். என்னை ஏறெடுத்துப் பார்க்கவே இல்லை. எல்லாக் கேள்வியையும் பாயிடம் கேட்டான். "யாருக்கு சார், பிள்ளைக்கா?" எனக்குத்தான் என்றேன். உடனே ரோஸ் கலரில் ஒன்றை எடுத்து வைத்தான். "ஆரம்பத்துக்கு இது போதும்க்கா." எனக்கு எது போதும் என்று இவன் எப்படி முடிவு செய்தான்? கையில் பட்டாசு மருந்துக் கறை இருந்தால், செருப்பு தேய்ந்திருந்தால், காதுக்கு நல்ல சத்தம் எது என்று தெரியாமல் போய்விடுமா? நாள் முழுக்க வெடிச்சத்தம் எப்படி இருக்க வேண்டும் என்று பார்த்துப் பார்த்து உழைக்கிற ஊர் நம் ஊர்.

"முழு மரத்துல, டெனர் சைஸ்ல, பிக்கப் வச்சது எடுங்க" என்றேன். போனில் ஒரு மாதமாகப் பார்த்துப் படித்து வைத்திருந்தேன், மதினி. ஒட்டுப்பலகையில் பிக்கப் வைத்தால் தகரத்தைத் தட்டினது மாதிரிதான் கேட்கும். முழு மரம் என்றால் மரத்தின் குரலே ஸ்பீக்கருக்குப் போகும். டெனர் என்றால் கழுத்து கொஞ்சம் நீளம், என் தடித்த விரல்கள் ஒன்றோடொன்று இடிக்காது. பையன் அரை மனதோடு கண்ணாடி அலமாரியைத் திறந்தான்.

முதலில் எடுத்ததில் சிப்பி பதித்துப் பூவேலை செய்திருந்தது. பார்க்கக் கல்யாணப் பெண் மாதிரி இருந்தது. வாசித்தால் சத்தம் பக்கத்துத் தெருவிலிருந்து வருவது மாதிரி இருந்தது. அதை வைத்துவிட்டேன். இரண்டாவது அதைவிட விலை கூடியது. கையில் வாசித்தபோது தேன். வயரைச் சொருகியதும் 'ம்ம்ம்' என்று ஓர் இரைச்சல்.

"எல்லா பிக்கப்புலயும் லேசா இரையும்க்கா. பாடும்போது தெரியாது" என்றான்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? வயர் சொருகும் இடத்தில் இருந்த இரும்பு வளையத்தில் விரலை வைத்தேன். யோசித்து வைக்கவில்லை, கை தானாகப் போயிற்று. ஷெட்டுக்குள் காலை வைக்கும் முன் வாசலில் பதித்திருக்கும் செம்புத் தகட்டைத் தொடுவோமே, உடம்பில் இருக்கும் கரண்ட் மண்ணுக்குள் இறங்க. பத்து வருஷப் பழக்கம், எதில் மின்சாரம் இருக்கிறது என்று தெரிந்தாலும் முதலில் பக்கத்து உலோகத்தைத்தான் தொடுகிறேன். தொட்டதும் இரைச்சல் நின்றது. விரலை எடுத்தேன், மறுபடி இரைந்தது. வைத்தேன், நின்றது.

"தம்பி, இதுக்கு எர்த் சரியில்ல" என்றேன்.

அவன் முதல் முறையாக என் முகத்தைப் பார்த்தான். வயரில் கோளாறாக இருக்கும் என்று இழுத்தான். காதர் பாய் வேறு வயரை மாட்டினார், அதே கதைதான். மூன்றாவது வயரையும் மாட்டினார், அப்படியேதான் இருந்தது. பாய் கருவியை மேசை மேல் வைத்துவிட்டுச் சொன்னார், "தம்பி, இவுக பட்டாசுக் கம்பெனியில வேலை பாக்குறவுக. இவுககிட்ட எர்த்தப் பத்திப் பேசாதீங்க." எனக்கு அந்த இடத்தில் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. ஒரு பொறி கிளம்பிவிடக் கூடாது என்று இவ்வளவு பயந்து பயந்து கையை வைத்துப் பழகிய பெண்களைத்தான், ஏழு பேராக நெருக்கி உட்கார வைத்துக் கொன்றார்கள். கவனக்குறைவு என்று கடைசியில் நம் மேலேயே எழுதியிருக்கிறார்கள். கவனக்குறைவு யாருக்கு மதினி?

மூன்றாவதாக எடுத்த யுகுலேலேதான் நான் வாங்கியது. பூவேலை கிடையாது, மினுமினுப்பு கிடையாது. பழுப்பு நிறத்தில் சும்மா இருக்கிறது. வயரைச் சொருகினால் நாம் தொடுகிற வரைக்கும் வாயைத் திறக்காது. தொட்டால் கடைக்கு வெளியே நின்ற ஆட்டோக்காரர் திரும்பிப் பார்க்கிறார். பேட்டரியை மட்டும் வாசித்து முடித்ததும் கழற்றித் தனியாக வைத்துவிடுகிறேன். வேண்டியதில்லை என்று பாய் சொல்கிறார். எனக்கு மனசு கேட்கவில்லை.

இனி அண்ணன் விஷயம். உங்கள் வீட்டுக்காரர் உங்கள் நீல யுகுலேலேயைப் பொம்மை கிட்டார் என்று சொல்லிக் கேலி செய்வாரே, இந்தப் பெட்டியைப் பார்த்ததும் கேலிகூடச் செய்யவில்லை. நீங்கள் போன பிறகு அவர் யாரோடும் பேசுவதில்லை. பருத்திக் காட்டுக்குப் போவார், வருவார், கட்டிலில் உட்காருவார். நான் முற்றத்தில் ஸ்பீக்கரை வைத்துப் பாட்டை முழுசாகப் பாடினேன். மாரியம்மாவிலிருந்து ராஜேஸ்வரி வரைக்கும். தெருவில் போனவர்கள் நின்றார்கள். எனக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று. இனி எவன் அமத்துவான் பார்க்கலாம் என்று நிமிர்ந்தேன்.

அண்ணன் கட்டிலில் இருந்தபடியே கேட்டார்.

"ஏட்டி பேச்சி, அதுல உங்க மதினி பேரு எங்க?"

விரலை மடக்கி எண்ணிப் பார்த்தேன். ஆறு. எத்தனை சாயங்காலம் கேட்டிருப்பேன், எத்தனை முறை கூடவே பாடியிருப்பேன்! நீங்கள் எல்லாரையும் கேலி செய்தீர்கள், உங்களுக்கென்று ஒரு வரி போட்டுக்கொள்ளவே இல்லை. மேடையில் மைக் நிற்காமலே இருந்திருந்தாலும் உங்கள் பெயர் வந்திருக்காது. கம்பெனிக்காரனைத் திட்டித் தீர்த்த நானும் உங்களை விட்டுவிட்டுத்தான் எண்ணியிருக்கிறேன். வெட்கமாக இருக்கிறது மதினி. மன்னித்துவிடுங்கள்.

நான் அழுவதை அண்ணன் பார்த்தார். பிறகு எழுந்து வந்து ஸ்பீக்கர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். "காலையில வண்டியில கூட்டிட்டுப் போயி மொத வேன்ல நாந்தானே ஏத்திவிட்டேன். வேலைக்கு வரலைன்னு எந்த வாய் சொல்லுது? எழுது அத" என்றார். இத்தனை மாதத்தில் அவர் பேசிய நீளமான பேச்சு அதுதான்.

எழுதிவிட்டேன். உங்கள் அளவுக்குக் கேலி வராது எனக்கு. இது கேலியும் இல்லை, சாட்சி.

"முத்துலட்சுமி வந்தாளே மொத வேனுல வந்தாளே."

வருகிற திங்கட்கிழமை சூலக்கரையில் வெடிவிபத்து விசாரணை. உள்ளே பதிவேட்டைப் புரட்டுவார்கள். நான் வெளிவாசலில் ஸ்பீக்கரோடு நிற்பேன். ராஜேஸ்வரியின் அம்மா வருகிறேன் என்றிருக்கிறார். அண்ணன் சவரம் செய்துகொண்டு, வெள்ளைச் சட்டையைத் தேய்க்கக் கொடுத்திருக்கிறார். கேட்டால் கையெழுத்துப் போட்டும் சொல்வேன் என்கிறார். காதர் பாய் கம்பெனி ஆர்டர் போனால் போகட்டும் என்று ஸ்பீக்கருக்குச் சார்ஜ் ஏற்றிக்கொண்டிருக்கிறார்.

ஏழு பெயரையும் எழுதிக்கொள்ளும் வரை அந்த வாசலை விட்டு நகர மாட்டேன். திங்கட்கிழமை போதவில்லை என்றால் அடுத்த திங்கட்கிழமையும் வருவேன், அதற்கடுத்ததும் வருவேன். முதல் வேனில் போனவர் வரியைத்தான் ஒவ்வொரு முறையும் முதலில் பாடுவேன்.

இனி உங்களைக் கணக்கில் விட்டுவிடாத,
உங்கள் நாத்தனார்
பேச்சியம்மாள்,
ஆமத்தூர்.