உடுப்பில் மிஞ்சிய வாடை

கொழும்பு
மார்ச் 1969

அன்புள்ள உம்மாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். நான் இங்கே சுகம். அல்லாஹ் உங்களையும் சுகமாக வைத்திருக்க வேண்டும். வாப்பாவின் மூச்சு இளைப்பு குறைந்ததா? பனிக்குள் அவரைக் கடலுக்குப் போக விடாதீர்கள்.

மூதூரிலிருந்து லோஞ்சுப் படகில் ஏற்றிவிட்ட ஆடாதோடை இலைச் சாக்கு பழுதில்லாமல் ஆய்வுகூடத்துக்கு வந்து சேர்ந்தது. இலையைக் காயவைத்து இடித்து, ஸ்பிரிட்டில் ஊறப்போட்டு, வடித்துக் காய்ச்சி, அமிலமும் காரமும் மாறி மாறி விட்டு அழுக்கை நீக்கினோம். கடைசியில் கிடைத்தது ஒரு சிட்டிகை வெள்ளைத் தூள். சளியை இளக்கி மூச்சைத் திறக்கிற சத்து அதுதான். "ஸ்பிரிட்டில ஊறினது ஹராமில்லையா மகன்?" என்று கேட்டு எழுதியிருந்தீர்கள். தூளில் ஒரு சொட்டும் மிஞ்சாது உம்மா. என் உடுப்பில்தான் வாடை மிஞ்சிவிடுகிறது.

போன கிழமை ஜும்ஆத் தொழுகைக்கு வேலையிலிருந்து நேரே ஓடினேன். சட்டைக் கையில் ஸ்பிரிட் சிந்தியிருந்தது. பக்கத்தில் நின்ற பெரியவர், "குடிச்சிட்டா தம்பி பள்ளிக்கு வந்தீங்க?" என்றார். பதில் சொல்வதற்குள் தொழுகை தொடங்கிவிட்டது. அவர் விலகிப் போனார். தோளோடு தோள் முட்டி நிற்கிற வரிசையில் என் பக்கத்தில் மட்டும் ஓர் ஆள் இடம் வெறுமையாகக் கிடந்தது. பெரிய விஷயமில்லை, எனக்குச் சிரிப்பாகத்தான் இருந்தது. நேற்று வெள்ளி, பள்ளிக்குப் போகாமல் அறையில் தனியே லுஹர் தொழுதுகொண்டேன்.

தபாலுக்கு நேரமாகிறது. பாயிஸ் மாமா வரும்போது, பள்ளிக்கென்றே வைத்துக்கொள்ள ஒரு சாரனும் சட்டையும் கொடுத்துவிடுங்கள். வாப்பா கடலுக்குப் போட்டுப்போகிற பழைய சட்டை ஒன்றும் வேண்டும். அதைத் துவைக்க வேண்டாம்.

மகன்
அபூதாஹிர்