புதுத் தகரம்

ஹந்தானை,
4.11.1996

அன்புள்ள தம்பி சின்னமுத்துவுக்கு, அக்கா பாலம்மா எழுதுவது. கதிர்காமக் கந்தன் துணையால் நீ சுகமாயிருக்க வேண்டும். இங்கே நான் இருக்கிறேன்.

வழக்கு முடியும்வரை தோட்டத்துக் கதை எழுதக்கூடாது என்று சொல்லியிருந்தாய். இருளப்பனைத் தோட்டம் பத்துச்சீட்டுக் கொடுத்து வேலையிலிருந்து விரட்டிய வழக்கு, தொழில் நியாய சபையில் தீர்ப்புச் சொல்லும் உன் முன்னால் வந்த நாளிலிருந்து நான் வாய் திறக்கவில்லை. என் வாய்க்கு அது எவ்வளவு கஷ்டம் என்று உனக்குத் தெரியும்.

போன வெள்ளிக்கிழமை தேயிலைக் கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்தால், லயத்து வீட்டு வரிசையிலே என் காம்பராவுக்கு மட்டும் கூரையில் புதுத் தகரம் போட்டிருக்கிறார்கள். மற்றக் கூரையெல்லாம் ஒழுகுகிறது. கணக்கப்பிள்ளையிடம் போய்க் கழற்றச் சொன்னேன். “ஒங்க தம்பிக்கு நாங்க செய்யாம வேற யாரு செய்வாங்க?” என்று சிரித்தார். வாசலில் நின்ற என்னைக் கூரையோடு சேர்த்துப் படமும் எடுத்துக்கொண்டார்.

மறுநாள் தண்ணீர்ப் பீலியில் என்னைக் கண்டதும் இருளப்பன் மனைவி அங்கம்மா பாதிக் குடத்தோடு எழுந்து போய்விட்டாள். புஷ்பத்தைப் பெற்றபோது என் பக்கத்தில் இருந்தவள் அவள்.

நீ நியாயம்தான் சொல்வாய், எனக்குத் தெரியும். அங்கம்மாவுக்கு எப்படித் தெரியும்? இருளப்பனுக்கு எதிராகச் சொன்னால் தகரத்துக்கு விலைபோனான் என்று லயம் பேசும். சாதகமாகச் சொன்னால், வாங்கிக்கொண்டு ஏமாற்றினான் என்று தோட்டத்துத் துரை அந்தப் படத்தைக் காட்டுவார்.

அதற்கு முன் நீயே இரண்டு தரப்பும் கேட்க நடந்ததைச் சொல்லிவிடு. வழக்கை வேறொருவர் விசாரிக்கட்டும். உன் உத்தியோகத்தை நினைத்து எனக்கும் பயம்தான்.

புஷ்பம் எந்த பஸ்ஸில் பள்ளிக்கூடம் போகிறாள் என்று கணக்கப்பிள்ளை நேற்றுக் கேட்டார். இன்று காலையே அவளை நாவலப்பிட்டிக்குச் சின்னம்மா வீட்டுக்கு அனுப்பிவிட்டேன்.

பதில் எழுதாதே. தோட்டத்துக்கு வரும் கடிதத்தை ஆபிஸில் பிரித்துப் பார்க்கிறார்கள். இதைக்கூடக் கட்டுகஸ்தோட்டைக்குப் போய்த்தான் தபாலில் போடுகிறேன். நீ சபையில் சொன்னால் அன்று சாயங்காலமே இங்கே தெரிந்துவிடும். அதற்குப் பிறகு யார் என் வாசலுக்கு வருவார்கள் என்று யோசித்துக்கொண்டு நீ நாக்கைக் கட்டிக்கொள்ளாதே. எனக்காக ஒரு வார்த்தையும் குறைக்காமல் சொல். முருகன் உன்னோடு நிற்பான்.

இப்படிக்கு,
உன் அக்கா
பாலம்மா